கேட்டால்தான் தீட்டு

நம் வயதுக்காரிகளில் பாதிப் பேருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. எனக்கு இடது காது அடைத்து வெகு நாளாகிறது. என் மருமகள் அதற்காக வருத்தப்படும்போதெல்லாம், "நல்லதாப் போச்சு, பாதித் தீட்டு மிச்சம்" என்பேன். அவள் விழிப்பாள். கரமனைத் தெருக்களில் என்னோடு பாவாடை கட்டித் திரிந்த உங்களுக்குப் புரியும். பங்காளி வீட்டில் சாவு என்றால் பத்து நாள் தீட்டு. ஆனால் செய்தி காதில் விழுந்த பிறகுதான் அது நமக்கு ஒட்டும். கேட்காதவரைக்கும் கோவிலுக்குப் போகலாம், மாலை போட்டுக்கொள்ளலாம், பாயசம் குடிக்கலாம். கேட்டுவிட்டால் அந்த நிமிஷமே கட்டின துணியோடு தலைமுழுக்கு, அப்புறம் யாரையும் தொடாமல் ஒதுங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எங்கள் எதிராத்து மாமி ஒரு காரியம் செய்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் எதிராத்து மாமாவைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரர் என்பதால் நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். சர்க்கார் ஆபீசில் கணக்கு எழுதினார். அந்த ஆபீஸ் கிரிக்கெட் அணிக்குப் பந்து போட்டார். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் ஆட்டக்காரர்களின் படங்களைச் சுவரெல்லாம் ஒட்டிவைத்துக் கும்பிடுகிறார்களே, அந்த மரியாதை முழுவதையும் எங்கள் தெரு ஒரே ஆளுக்குக் கொடுத்திருந்தது. வேகமாகவெல்லாம் போடமாட்டார். நாலடி நடந்து வந்து, கதவுத் தாழ்ப்பாளைத் திருகுகிற மாதிரி மணிக்கட்டை ஒரு திருகு திருகுவார். மலையிலிருந்து ஆட வரும் எஸ்டேட் துரைமார், இதென்ன பிரமாதம் என்று மட்டையை ஓங்குவார்கள். பந்து தரையில் பட்டதும் வேறு பக்கம் போய்விடும். துரையும் கூடாரத்துக்குப் போய்விடுவார்.

தலையில் குடுமி. தொப்பிக்குள் குடுமி அடங்காததால் தொப்பி வைப்பதில்லை. கையைச் சுழற்றும்போது முடிச்சு அவிழ்ந்து குடுமி தோளில் விழுந்தால் விக்கெட் நிச்சயம் என்று மைதானத்தில் ஒரு நம்பிக்கை. "சாமீ, குடுமி!" என்று மலையாளத்துக்காரர்கள் கூச்சலிடுவார்கள். மாமா காது கேட்காதவர் போல முடிந்துகொள்வார். ஆனால் கொஞ்சம் தளர்வாகத்தான் முடிவார் என்று என் அப்பா சொல்வார்.

அப்பாவும் அதே ஆபீஸ்தான். மாமாவுக்கு முதல் ரசிகர் தாமே என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சாலைக் கடைக்குப் போனால் கத்தரிக்காயை மறந்துவிட்டு வருவார். எந்த வருஷம் எந்தத் துரையை மாமா எப்படி ஏமாற்றினார் என்பது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். என்னையும் ஆட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பெண் குழந்தைக்கு எதற்கு இதெல்லாம் என்று அம்மா முணுமுணுப்பாள். ஒன்பது வயதுதானே என்று அப்பா சமாதானம் சொல்வார்.

எதிராத்து மாமிக்கு மட்டும் இந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது என்று தெரு முழுக்கப் பேச்சு. காரணம் பந்து. அது தோல், அதுவும் பசுத்தோல். மடி ஆசாரத்தில் மாமியை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இல்லை. பந்து வீட்டுக்குள் வரக்கூடாது, மாட்டுக்கொட்டில் சுவரில் ஒரு மாடத்தில் இருக்கவேண்டும். ஆட்டம் முடிந்தால் மாமா நேரே ஆற்றுக்குப் போய் முழுகிவிட்டுத்தான் படியேற வேண்டும். "இந்தத் தோல் வேலையை எப்போ விடப்போறேள்?" என்று மாமி கல்யாணமான நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தாளாம். நான் கேட்கவே பல தடவை கேட்டிருக்கிறாள்.

பந்தை உள்ளே கொண்டுவர முடியாததால் மாமா எலுமிச்சம்பழத்தை வைத்துத்தான் பழகுவார். முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து உருட்டிவிட்டால் பழம் நடுவில் யோசனை மாறினதுபோல் திரும்பி உரலடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். குனிந்து எடுத்துத் தருவது என் வேலை. கையெல்லாம் எலுமிச்சை மணக்கும். மாமி திட்டிக்கொண்டே அடிபட்ட பழங்களைப் பொறுக்கி ஊறுகாய் போடுவாள். அந்த ஊறுகாய்க்காகவே மாமாவின் பந்து வீச்சு ஓங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட வீடுகள் உண்டு. இப்போது அந்த ருசியும் இல்லை, அந்த உரலும் இல்லை.

அந்த வருஷம் மாசியில் மாமாவுக்குப் பென்ஷன். ஆபீசை விட்டால் ஆபீஸ் அணியையும் விடவேண்டியதுதான். தோள்வலியும் ஆரம்பித்திருந்தது. எஸ்டேட் துரைமாரோடு ஒரு சனிக்கிழமை ஆட்டம், அதோடு சரி என்று முடிவாயிற்று. அதைக் கேட்ட அன்று அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

"ஒருத்தர் பென்ஷன் வாங்கறதுக்கு இப்படியா?" என்றாள் அம்மா.

"அவருக்குப் பென்ஷன். எங்களுக்குத் தண்டனையாக்கும்" என்றார் அப்பா.

மறுநாளே வழியனுப்பு ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். தோவாளையிலிருந்து பூ வரவழைத்து ஆளுயர மாலை. மைதானத்திலிருந்து தெரு முனை வரை நாகஸ்வரம். முனையில் மாமாவையும் மாமியையும் ஜோடியாக நிறுத்தி ஆரத்தி. மாமியிடம் போய்ச் சொன்னபோது அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தோல் தொட்ட கையோட வரவருக்கு ஆரத்தியா? குளிச்சுட்டு வரட்டும், பின்னெ பாக்கலாம்" என்றாள். அப்பா முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார். அந்த மனுஷனின் பெருமை பெண்டாட்டிக்குத் தெரியவில்லையே என்று அன்று தெருவில் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பூக்கூடையை இறக்கிக்கொள்ள என்னைத்தான் பாதையோரம் அனுப்பினார்கள். நாகர்கோவிலிலிருந்து முதல் பஸ் கரமனைப் பாலம் தாண்டி வந்து நின்றது. வாழையிலையில் பொதிந்த கூடையை எடுத்துக் கொடுத்தார்கள், ஈரமும் பிச்சிப்பூ மணமுமாக. பின்னாலேயே தோளில் துண்டும் கக்கத்தில் குடையுமாக ஓர் ஆள் இறங்கினார்.

"மக்கா, ஆபீசுல பந்து வெளயாடுத ஐயரு வீடு எது?"

ஊரிலிருந்து யாரோ ரசிகர் போலிருக்கிறது என்று நினைத்து உற்சாகமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். மாமி வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்தாள். அந்த ஆள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தள்ளியே நின்று சொன்னார்:

"அம்மா, பெரிய ஐயரு முந்தாநாள் ராத்திரி போயிட்டாவ. நேத்தைக்கே எல்லாம் முடிஞ்சாச்சு. ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னாவ."

பெரிய ஐயர் என்றால் ஊரில் இருந்த மாமாவின் பெரியப்பா. தொண்ணூறைத் தாண்டி, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர். அழவேண்டிய சாவு இல்லை. ஆனால் தீட்டு தீட்டுதானே. மாமா கேட்டால் அந்த நிமிஷமே ஒதுங்கிவிடவேண்டும். மாலை கிடையாது, ஆரத்தி கிடையாது, ஆட்டமும் கிடையாது. துரைமார் திங்கட்கிழமை மலை ஏறிவிடுவார்கள், மாமாவும் ஆபீசை விட்டு இறங்கிவிடுவார். ஒன்பது வயதில் எனக்கே இது அத்தனையும் ஒரே மூச்சில் புரிந்து, அழுகை வந்துவிட்டது.

மாமி கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வேற யாரண்டையாவது சொன்னியா?"

"இல்லம்மா. நேரே இங்கதான் வாறேன்."

"சரி, நான் கேட்டாச்சு. உன் வேலை முடிஞ்சுது. வந்த பஸ்லயே திரும்பிப் போ. ஆத்துப் பக்கம் தலையைத் திருப்பாதே." பிறகு என்னைப் பார்த்தாள். "அழாதேடி. எனக்குத் தீட்டு வந்தாச்சு. அவர் கேக்கலை, அவருக்கு வரலை. சாயங்காலம் வரைக்கும் வரவும் வேண்டாம். நீ யாரண்டையும் மிண்டப்படாது, கேட்டியா?"

நான் யாரிடமும் ஒரு வார்த்தை மிண்டவில்லை. அந்த ஆளைப் பஸ் ஏற்றிவிடவும் நானே போனேன். பாலத்தடியில் நிற்கும்போது ஈர வேஷ்டியும் திருநீறுமாக மாமா ஆற்றுப்படி ஏறி எதிரே வந்தே விட்டார். "யாருடி கொழந்தே இது?" என்றார்.

"பூ கொண்டுவந்த ஆளாக்கும்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்று மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். மாமா போனதும், "இந்த ஐயமாரு யாரு மக்கா?" என்று கேட்டார். எங்கள் பாட்டு வாத்தியார் என்றேன். பஸ் வந்தது. அந்த ஆள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்து பார்த்தால் மாமி கிணற்றடியில் கட்டின புடவையோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இனி அவள் சமைத்தால் மாமா சாப்பிடக்கூடாது. தொட்டால் மாமாவுக்கும் ஒட்டிவிடும். என்ன சொல்லி ஒதுங்குவது? எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து, தள்ளி நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். "நான் தூரமாக்கும். இன்னைக்கு அவருக்கு ஒரு வாய் சாதம் உங்காத்துல போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பின்கட்டு அறையில் உட்கார்ந்துகொண்டாள். மாதவிலக்கு என்று புத்தகங்களில் எழுதுகிறார்களே, அதைத்தான் சொன்னாள்.

அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவிடம் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியாதா? அவளுக்கு அதெல்லாம் நின்னு வருஷமாச்சு. கடைசி நாளும் அதுவுமா, ஆரத்திக்கு நிக்கப்படாதுன்னு வீம்பு. ஒரு பிடி சாதம் வடிச்சுப் போட மனசு வரலை பாருங்கோ."

பொய்யைக் கண்டுபிடித்ததில் அம்மா கெட்டிக்காரி. அது என்ன பொய் என்பதில்தான் கோட்டை விட்டாள். அப்பா சும்மா இருப்பாரா? மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டு, கால்சராயை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் போய்விட்டது. மாமா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொட்டில் மாடத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஆண்கள் எல்லோரும் போய்த் தெரு அடங்கினதும் மாமி கொல்லை வேலிப் பக்கம் நின்று எனக்குக் கை காட்டினாள். கையில் மாமாவின் பழைய குடை, ஒரு கம்பி ஒடிந்தது.

"எத்தனை நாழிதான் சுவரைப் பாத்துண்டு உக்காந்திருக்கறது? அடுப்பைத் தொட வேண்டாம், கெணத்துல எறைக்க வேண்டாம், சாமி விளக்கு ஏத்த வேண்டாம். அது நின்னதுலேர்ந்து இப்படி ஓய்வா ஒரு நாள் கெடச்சதில்லை. வாடி, அவர் என்னதான் பண்றார்னு பாத்துட்டு வரலாம்."

எது நின்றது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. போகலாம் என்றது மட்டும் புரிந்தது. அப்பாவோடு போயிருப்பேன் என்று அம்மா நினைத்துக்கொள்வாள், அம்மாவோடு இருப்பேன் என்று அப்பா நினைத்துக்கொள்வார். நான் வேலி தாண்டினேன்.

தம்பானூர் தாண்டி மேட்டில் இருந்தது மைதானம். ஆற்றோரமாகச் சுற்றிப் போனாலும் ஆரியசாலைக் கடைத்தெருவைக் கடக்காமல் முடியாது. கேட்கவேண்டுமா, சனிக்கிழமை! மிளகாய் வற்றல் மூட்டையும் வெல்ல மூட்டையுமாகச் சுமட்டுக்காரர்கள் போவதும் வருவதும், மாட்டு வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நிற்பதும். யார் மேலும் படாமல் போகவேண்டுமே. நான் முன்னால் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு போனேன். பின்னால் மாமி குடையை முகத்துக்கு நேரே கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு, இரண்டு அடி முன்னும் ஓரடி பின்னுமாக வந்தாள். மிளகாய் நெடியில் இருவருக்கும் தும்மல். தும்மி முடித்து மாமி சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மைதானத்தின் ஓரத்தில் ஓர் ஆஞ்சிலி மரத்தடியில், கூட்டத்துக்கு வெகு தூரத்தில் நின்றோம். எல்லோரும் வெள்ளை உடை. "இதுல நம்மாத்து மாமா எது?" என்று மாமி கேட்டாள். குடுமியைக் காட்டினேன். அதற்கப்புறம் அவள் பார்வை வேறெங்கும் போகவில்லை. மாமா விரலை நாக்கில் தொட்டுப் பந்தில் தேய்த்ததைப் பார்த்ததும், "அட கஷ்டமே, எச்சல் வேறயா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பந்து திரும்பி ஒரு துரையின் குச்சியைச் சாய்த்தது. சுற்றிலும் "கொள்ளாம் சாமீ, கொள்ளாம்!" என்று பாராட்டி ஒரே ஆரவாரம். "எதுக்குக் கத்தறா?" என்றாள். சொன்னேன். "இவ்வளவு பேரும் இவருக்காகவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாமி குடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பருத்த துரை வந்து மாமாவின் பந்தை ஓங்கி அடித்தார். பந்து புல்லில் உருண்டு நேரே எங்கள் மரத்துக்கு வந்து மாமியின் காலடியில் நின்றது. தோல் பந்தைக் கண்டு மாமி பின்னால் துள்ளினாள். வழக்கம்தானே என்று நினைத்தேன். அவள் பதறிய பதற்றம் வேறு.

"நீ எடுத்துப் போடுடி, சீக்கிரம்! நான் பட்டா பந்துக்குத் தீட்டு. அதை அவர் கையால தொடணும்!"

எடுத்து எறிந்தேன். தூரத்தில் நெற்றியில் கைவைத்து மாமா எங்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமி குடைக்குள் போய்விட்டாள். அதே துரை அடுத்தடுத்து இரண்டு அடி அடித்தார். அதற்கப்புறம் ஒரு பந்து. மாமாவின் குடுமி அவிழ்ந்து தோளில் விழுந்தது. துரை முன்னால் நடந்து வந்து மட்டையைச் சுழற்றினார், பந்து அவர் பின்னால் போய்க் குச்சியைத் தட்டிவிட்டது. அப்பா கூட்டத்தில் யாரையோ கட்டிக்கொண்டு அழுவது எங்களுக்கே தெரிந்தது. மாமி அழவில்லை. "போரும், போகலாம். நமக்கு முன்னால அவா வந்துடப்போறா" என்று கிளம்பிவிட்டாள்.

வழியனுப்பு அப்பா ஆசைப்பட்டபடியே நடந்தது. தெரு முனையில் நாகஸ்வரம் முழங்க, முழங்கால் வரை மாலை தொங்க, மாமா புது மாப்பிள்ளை போல் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். அம்மாவும் பக்கத்து வீட்டு மன்னியும் ஆரத்தி எடுத்தார்கள். பக்கத்தில் மாமிக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. "எட்டிக்கூடப் பாக்கலை பாருங்கோ" என்று அப்பா அதைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மறுநாள் சாவுச் செய்தியும் அது வந்த நேரமும் தெரிந்தபோது, அப்பா எதிர்வீட்டு வாசலில் போய் நின்று மேல்துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்ததை நான் பார்த்தேன். "சாரமில்லை, அதனாலென்ன, போங்கோ, ஆபீசுக்கு நாழியாறது" என்று உள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஏது? அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தையே. ஆரத்தி முடிந்ததும் மாமா மாலையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வழக்கம்போல் தனியே ஆற்றுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போய் மேல்படியில் உட்கார்ந்துகொண்டேன். கீழே மாமி நின்றிருந்தாள்.

"முதல்ல தண்ணில எறங்குங்கோ. ஒண்ணு சொல்லணும்."

மாமா கால்சராயோடு இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றார். மாமி சொன்னாள். மாமா ஊர் இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சேதி எப்போ வந்தது?"

"காலம்பற. நீங்க இங்க குளிச்சிண்டிருந்தேள்."

"காலம்பறயேவா? அப்போ நீ பின்கட்டுல உக்காந்தது..."

"எனக்கு அப்போ வந்தாச்சு. உங்களுக்கு இப்பத்தானாக்கும்."

மாமா அவளைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அந்த மரத்தடியில ஒரு குடை தெரிஞ்சுது. நம்மாத்துக் குடை மாதிரி இருக்கேன்னு நெனச்சேன்."

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். மாமாவும் விடவில்லை. "பாத்தியா? எப்படி இருந்தது?" என்றார். ஊர் முழுக்கப் புகழ்ந்து கேட்டுவிட்டு வந்த மனுஷன், பரீட்சை எழுதின பையன் மாதிரி தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டார்.

மாமி ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு வருஷம் போடலாம் நீங்க."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாள் முதல் எப்போது விடுவேள் என்று கேட்ட வாயல்லவா! தோள் குலுங்கிற்று, கண்ணில் நீர் வந்தது, அடக்கவே முடியவில்லை. "சிரிக்கப்படாது, துக்கமாக்கும். யாராவது பாத்தா என்ன நெனப்பா? முங்குங்கோ!" என்று மாமி அதட்டினாள். மாமா முங்கினார். அவர் முங்கின இடத்தில் தண்ணீர் குமிழி குமிழியாகப் பொங்கி வந்தது. தலையைத் தூக்கி மாமியைப் பார்த்தார், மறுபடியும் சிரிப்பு வந்தது, மறுபடியும் முங்கினார். மாமியும் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவருக்கு எட்டியே தண்ணீரில் இறங்கினாள். பெரியப்பாவுக்காக அன்று அவர்கள் இரண்டு பேரும் சாஸ்திரம் சொன்னதற்கு மேலேயே முழுகினார்கள்.